திரிகோணமிதி என்ன பாவம் செய்தது?

பத்தாம் வகுப்பு முடித்த யாரிடமாவது "கணக்கில் எந்தப் பாடம் ரொம்பப் படுத்தியது?" என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் வருகிற பதில், முக்கோணவியல். அப்பா காலத்தில் அதன் பெயர் திரிகோணமிதி, இங்கிலீஷ் மீடியத்தில் டிரிக்னாமெட்ரி. பெயர் எதுவானாலும் பயம் ஒன்றுதான். இந்த ஒரு பாடத்தாலேயே "மேத்ஸ் குரூப் வேண்டாம் சார்" என்று பதினொன்றாம் வகுப்பு விண்ணப்பத்தில் வேறு குரூப் எழுதிக் கொடுத்தவர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறார்கள்.

இந்தப் பயத்துக்கு ஊரில் இரண்டு விளக்கங்கள் உண்டு. முதல் கட்சி சொல்வது: "ஃபார்முலாவை ஒழுங்காக மனப்பாடம் பண்ணவில்லை, அதனால்தான் வரவில்லை." இரண்டாம் கட்சி சொல்வது: "சைன் தீட்டா காஸ் தீட்டாவை வைத்துக்கொண்டு காய்கறியா வாங்கப் போகிறோம்? வாழ்க்கைக்கு உதவாத பாடம், தூக்கிப் போடுங்கள்."

இரண்டு கட்சியும் தப்பு. அதைவிட வேடிக்கை, இரண்டும் ஒரே தப்பிலிருந்து பிறந்தவை. முதல் கட்சி பாடத்தை மந்திரமாக்கிச் சொல்லிக் கொடுக்கிறது. மந்திரமாகக் கற்றவன் வளர்ந்து இரண்டாம் கட்சியில் சேர்கிறான். அர்த்தம் தெரியாமல் ஒப்பித்த ஒன்று உதவாக்கரையாகத்தானே தெரியும்?

வகுப்பில் நடப்பது என்ன?

வழக்கமான வரிசை இதுதான். முதல் நாள் ஒரு செங்கோண முக்கோணம். எதிர்ப்பக்கம், அடுத்துள்ள பக்கம், கர்ணம். சைன் என்றால் எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகு. ஏன் வகுக்க வேண்டும், வகுத்தால் என்ன கிடைக்கிறது என்று ஒரு வார்த்தை கிடையாது. இரண்டாம் நாள் 0, 30, 45, 60, 90 என்று ஒரு அட்டவணை. "நாளைக்கு எழுதிக் காட்டணும்." மூன்றாம் நாள் முற்றொருமைகள். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் இடப்பக்கம் சமம் வலப்பக்கம், நிறுவுக, நிறுவுக, நிறுவுக. உயரங்களும் தூரங்களும் கடைசியில் வரும். அதற்குள் ரிவிஷன் டெஸ்ட் வந்துவிடும். "இதில் ரெண்டு மாடல்தான் கேப்பான், இதைப் போட்டுப் பாத்துக்கோ" என்று புக் பேக் கணக்கில் டிக் அடித்துக் கொடுப்பார்கள். முடிந்தது முக்கோணவியல்!

இந்த வரிசையில் ஒரு மாணவன் ஒரு கோணத்தைக் கூடக் கையால் அளப்பதில்லை. ஜாமெட்ரி பாக்ஸில் கோணமானி இருக்கிறது. அது பாட்டுக்குப் பென்சில் தூளோடு தூங்குகிறது.

மனப்பாடமே தேவையில்லாத அட்டவணை

அந்த அட்டவணையையே எடுத்துக்கொள்வோம். சைன் 30° என்றால் ½, காஸ் 30° என்றால் ரூட் 3-ல் பாதி. இதை நினைவில் வைக்க எத்தனை வித்தைகள்! விரலை மடக்குவது ஒரு முறை. 0, 1, 2, 3, 4 என்று எழுதி நாலால் வகுத்து ரூட் போடுவது இன்னொரு முறை. இந்த வித்தை தெரிந்தவருக்கு வகுப்பில் தனி மரியாதை.

வித்தையை விட்டுவிட்டு ஒரு சமபக்க முக்கோணம் வரையுங்கள். பக்கம் ஒவ்வொன்றும் 2. மூன்று கோணமும் 60°. உச்சியிலிருந்து நேராக ஒரு கோடு இறக்குங்கள். முக்கோணம் சரிபாதியாகிறது. கீழே இருந்த 2 இப்போது 1. மேலே இருந்த 60° இப்போது 30°. நடுக்கோட்டின் உயரம்? பிதாகரஸ்: 4-ல் 1 போக 3, அதன் ரூட். ஆக 30° கோணத்துக்கு எதிரே 1, கர்ணம் 2. சைன் 30° என்பது ½. அதே படத்தில் 60° கோணத்துக்கு எதிரே ரூட் 3. சைன் 60° தானாக வந்துவிட்டது.

45°-க்கு ஒரு சதுரத்தின் குறுக்கே கோடு போடுங்கள். பக்கம் 1, மூலைவிட்டம் ரூட் 2. அவ்வளவுதான். முழு அட்டவணையும் இரண்டு படத்தில் அடங்கிவிட்டது. பரீட்சை ஹாலில் மறந்துபோனாலும் விடைத்தாள் ஓரத்தில் அரை நிமிடத்தில் வரைந்து எடுத்துக்கொள்ளலாம். விரல் வித்தை மறந்தால்? தொலைந்தது கதை.

இந்த இரண்டு படங்களையும் புத்தகம் போடாமல் இல்லை. போட்டிருக்கிறது. ஆனால் "இது டெரிவேஷன், எக்ஸாமுக்கு வராது" என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்களே, அங்கேதான் கோளாறு. எது பாடத்தைக் காப்பாற்றுமோ, அதுவே "வராது" பட்டியலில் முதலில் போகிறது.

மூன்று ஃபார்முலா இல்லை, ஒன்றுதான்

அடுத்து அந்தப் புகழ்பெற்ற மூன்று முற்றொருமைகள். சைன்² + காஸ்² = 1. 1 + டேன்² = செக்². 1 + காட்² = கோசெக்². மூன்றையும் பெட்டி கட்டி எழுதிப் பூஜை அறை வரை ஒட்டி வைத்திருப்பார்கள்.

முதல் வரி வேறொன்றும் இல்லை, எட்டாம் வகுப்பிலேயே பார்த்த பிதாகரஸ் தேற்றம். கர்ணத்தின் நீளம் 1 என்று வைத்துக்கொண்டால் எதிர்ப்பக்கம்தான் சைன், அடுத்துள்ள பக்கம்தான் காஸ். இரண்டின் வர்க்கங்களையும் கூட்டினால் கர்ணத்தின் வர்க்கம். அந்த ஒரே வரியைக் காஸ்²-ஆல் வகுத்தால் இரண்டாவது, சைன்²-ஆல் வகுத்தால் மூன்றாவது. ஒரு ஆளுக்கு மூன்று சட்டை மாட்டிவிட்டு மூன்று பேர் என்று அறிமுகப்படுத்துகிற வேலைதான் இங்கே நடக்கிறது.

பதினொன்றாம் வகுப்புக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம். கூட்டுக் கோணம், இரட்டைக் கோணம், மும்மடங்குக் கோணம், கூடுதலைப் பெருக்கலாக்குவது, பெருக்கலைக் கூடுதலாக்குவது என்று பக்கம் பக்கமாக ஃபார்முலா. சைன் (அ + ஆ), காஸ் (அ + ஆ) என்ற இரண்டை மட்டும் படம் போட்டுப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாமே அதிலிருந்து வரும். இரண்டு கோணத்தையும் சமமாக்கினால் இரட்டைக் கோணம். கூட்டல் ஃபார்முலாவையும் கழித்தல் ஃபார்முலாவையும் அடுத்தடுத்து எழுதிக் கூட்டினால் பெருக்கல் ஃபார்முலா. இதைச் சொல்லாமல் முப்பது வரியை ஒப்பிக்கச் சொல்வது, குடும்பத்து ஆட்களை யாருக்கு யார் என்ன உறவு என்று சொல்லாமல் போட்டோவை மட்டும் காட்டிப் பெயர் கேட்பது மாதிரி.

இப்படி ஒப்பித்ததன் விளைவு, ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு வகுப்பிலும் தவறாமல் தலைகாட்டும் அந்தத் தப்பு: சைன் (அ + ஆ) = சைன் அ + சைன் ஆ. திட்டிப் பயனில்லை. சைன் என்பது ஏதோ ஒரு எழுத்து, அடைப்புக்குறிக்குள் பெருக்கிக்கொண்டு போகலாம் என்றுதான் அந்தப் பிள்ளை நினைத்திருக்கிறது. இரண்டு கோணத்துக்கும் 30° போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வலது பக்கம் ½ + ½ = 1. இடது பக்கம் சைன் 60°, சுமார் 0.866. பத்து விநாடியில் தப்பு தெரிந்துவிடும். "எண் போட்டுப் பார்" என்ற இந்த ஒரு பழக்கம் பத்து ஃபார்முலாவுக்குச் சமம். ஆனால் அதைச் சொல்லித் தருகிறவர்கள் குறைவு.

சில்வர் டீ கப்

குறிகளின் விஷயத்துக்கு வருவோம். எந்தக் கால்வட்டத்தில் எது கூட்டல், எது கழித்தல்? நம்மூரில் இதற்கு ஒரு தாரக மந்திரம் இருக்கிறது: "ஆல் சில்வர் டீ கப்ஸ்". முதல் கால்வட்டத்தில் ஆல், எல்லாமே கூட்டல். இரண்டாவதில் சில்வரின் முதலெழுத்துக்குச் சைன். மூன்றாவதில் டீக்கு டேன். நான்காவதில் கப்புக்குக் காஸ். தலைமுறை தலைமுறையாக இந்த டீ கப்பைக் கழுவிக் கழுவிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆரம் 1 உள்ள ஒரு வட்டம் வரைந்து, அதன் மேல் ஒரு புள்ளி சுற்றுவதாக நினைத்துப் பாருங்கள். புள்ளி பக்கவாட்டில் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது காஸ். எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது சைன். புள்ளி இடப்பக்கம் போனால் காஸ் கழித்தல். கீழே போனால் சைன் கழித்தல். இதற்கு எதற்கு டீ கப்பு? கண் இருந்தால் போதும்.

வட்டத்தைக் காட்டினால் இன்னொரு குழப்பமும் தீரும். செங்கோண முக்கோணத்தை மட்டும் பார்த்த பிள்ளைக்கு "சைன் 150°" என்றால் திகைப்புதான். செங்கோண முக்கோணத்துக்குள் 150° எப்படி வரும்? நியாயமான கேள்வி! அதைக் கேட்கிறவனுக்குக் கைதட்ட வேண்டும். "அதெல்லாம் அப்படித்தான், 180-லிருந்து கழிச்சுக்கோ" என்பதுதான் அவனுக்குக் கிடைக்கிற பதில்.

இதில் தமிழில் படிக்கிறவர்களுக்கு ஒரு தனி வசதி உண்டு, அதையும் யாரும் சொல்வதில்லை. வட்டத்தின் இரண்டு புள்ளிகளைச் சேர்க்கும் கோட்டுக்குத் தமிழ்ப் புத்தகத்தில் "நாண்" என்று பெயர். வில்லில் கட்டுகிற அதே நாண். ஆரியபட்டர் 499-இல் எழுதிய ஆரியபட்டீயத்தில் சைனுக்கு இருந்த பெயரும் அதுவே: ஜ்யா, அதாவது நாண். சரியாகச் சொன்னால் அர்த்த ஜ்யா, அரை நாண். வில்லின் நாணை நடுவில் பிடித்துப் பாதியாக்கினால் சைன். அவர் ஆரத்தை 3438 என்று வைத்துக்கொண்டு 225 கலைக்கு ஒன்று வீதம் 24 அரை நாண்களுக்குக் கணக்குக் கொடுத்தார். வடமொழிச் சொல் அரபு மொழிக்குப் போய் "ஜீப" ஆகி, "ஜைப்" என்று தப்பாக வாசிக்கப்பட்டு, லத்தீனில் "சைனஸ்" என்று மொழிபெயர்க்கப்பட்டு, சைன் ஆகித் திரும்பி வந்தது. வட்டத்தில் அரை நாண் என்று சொன்னால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் கண்முன் படம் விரியும். "எதிர்ப்பக்கம் பை கர்ணம்" என்றால் என்ன விரியும்? தூக்கம்தான்.

நிறுவுக, நிறுவுக

முற்றொருமைகளை நிறுவும் கணக்கு கூடாது என்பதில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்று எப்படிப் பிறக்கிறது என்று காட்ட அதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஆனால் இப்போது நடப்பது பயிற்சி அல்ல, பாவனை.

ஒரு சாதாரணக் கணக்கு: காஸ் தீட்டாவை (1 - சைன் தீட்டா)-வால் வகுத்தால், (1 + சைன் தீட்டா)-வைக் காஸ் தீட்டாவால் வகுத்ததற்குச் சமம் என நிறுவுக. கைடில் "தொகுதியையும் பகுதியையும் (1 + சைன் தீட்டா)-வால் பெருக்க" என்று ஆரம்பித்து நாலு வரி இருக்கும். ஏன் அதால் பெருக்க வேண்டும் என்று இருக்காது. பிள்ளை அந்த நாலு வரியையும் செய்யுள் மாதிரிப் படித்துவிடும்.

காரணம் எளிது. காஸ்² என்பது 1 - சைன்². அதைப் பிரித்தால் (1 - சைன்)(1 + சைன்). கணக்கின் உயிர் இந்த ஒரு வரியில் இருக்கிறது. மேலே சொன்ன சமன்பாடு இதையே இரண்டு பக்கமும் பிரித்து எழுதியது. இது தெரிந்தவனுக்கு எதால் பெருக்குவது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. 30° போட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் ரூட் 3 வருகிறது. சரி, பாதை தேடலாம் என்ற தைரியமும் கிடைக்கும். வினாத்தாளில் கூட்டலுக்குப் பதில் கழித்தல் என்று அச்சாகிவிட்டால், எண் போட்டுப் பார்க்கிறவன் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவான். ஒப்பித்தவன் மூன்று பக்கம் எழுதி, கடைசி வரியில் எப்படியோ "வலப்பக்கம்" என்று போட்டு முடித்திருப்பான். அதுதான் பாவனை.

இன்னொரு கேள்வியும் உண்டு. இந்தச் சமன்பாடு எல்லாக் கோணத்துக்கும் சரியா? 90° போட்டால் இரண்டு பக்கமும் பகுதி பூஜ்யம், அர்த்தமே இல்லை. "எல்லா மதிப்புக்கும் பொருந்துவதுதான் முற்றொருமை" என்று வரையறை எழுதி இரண்டு மார்க் வாங்குகிறவர்களில் இதை யோசித்தவர்கள் எத்தனை பேர்?

சமன்பாடுகளில் தொலைகிற விடைகள்

முற்றொருமைக்கும் சமன்பாட்டுக்கும் வித்தியாசம் தெரியாமலே பல பேர் பள்ளியை முடிக்கிறார்கள். முற்றொருமை எல்லாக் கோணத்துக்கும் உண்மை. சமன்பாடு சில கோணங்களுக்கு மட்டும் உண்மை. அந்தச் சில கோணங்கள் எவை என்பதுதான் கேள்வி.

2 சைன் எக்ஸ் காஸ் எக்ஸ் = காஸ் எக்ஸ். 0°-க்கும் 360°-க்கும் இடையே விடை என்ன? இரண்டு பக்கமும் காஸ் எக்ஸால் வகுத்து, சைன் எக்ஸ் = ½, ஆகவே 30°, 150° என்று எழுதிப் பேனாவை மூடுகிறவர்கள்தான் அதிகம். காஸ் எக்ஸ் பூஜ்யமாக இருந்தால்? 90°-யும் 270°-யும் விடைகள்தான். வகுக்கும்போது அவற்றை வகுத்து வீசிவிட்டார்கள்.

இதன் தலைகீழ்க் கூத்தும் உண்டு. சைன் எக்ஸ் + காஸ் எக்ஸ் = 1. இரண்டு பக்கமும் வர்க்கம் எடுத்தால் சைன் எக்ஸ் காஸ் எக்ஸ் = 0. விடைகள் 0°, 90°, 180°, 270° என்று வருகின்றன. போட்டுப் பார்த்தால் 180°-க்கும் 270°-க்கும் இடப்பக்கம் 1 இல்லை, -1. வர்க்கம் எடுத்தபோது அழையா விருந்தாளியாக இரண்டு விடை நுழைந்துவிட்டது. முதல் கணக்கில் இருந்த விடை தொலைந்தது, இரண்டாவதில் இல்லாத விடை முளைத்தது. இரண்டையும் பிடிக்கிற வழி ஒன்றுதான்: என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்வது, செய்த பிறகு போட்டுப் பார்ப்பது. இது முக்கோணவியலுக்கு மட்டுமான பாடமா என்ன?

தஞ்சாவூர் நிழல்

"வாழ்க்கைக்கு உதவாது" கட்சிக்கு இப்போது பதில் சொல்லலாம்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று தமிழ்நாட்டில் கேள்விப்படாதவர் இல்லை. டூர் போனால் கைடு சொல்வார். வாட்ஸ்அப்பில் வருடத்துக்கு நாலு முறை வரும். பத்தாம் வகுப்பு முக்கோணவியல் தெரிந்த யாரும் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது.

உயரத்தைச் சூரியனின் ஏற்றக் கோணத்தின் டேனால் வகுத்தால் நிழலின் நீளம். விமானத்தின் உயரம் 60 மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம் (உண்மையில் கொஞ்சம் கூட). காலையில் சூரியன் 30° உயரத்தில் இருக்கும்போது உச்சியின் நிழல் நடு மையத்திலிருந்து சுமார் 104 மீட்டர் தள்ளி விழும். அடித்தளம் ஒரு பக்கம் சுமார் 30 மீட்டர்தான். மையத்திலிருந்து விளிம்புக்கு 15 மீட்டர். நிழல் தரையில் விழாமல் எங்கே போகும்?

நண்பகலைப் பார்ப்போம். தஞ்சாவூரின் அட்சரேகை கிட்டத்தட்ட 10.8°. டிசம்பர் கடைசியில் சூரியன் தெற்கே 23.4° போயிருக்கும். ஆக நண்பகலில் அதன் உயரம் 90-லிருந்து இரண்டையும் கழித்தால் 55.8°. டேன் 55.8° சுமார் 1.47. நிழல் 41 மீட்டர் போகும். விளிம்பைத் தாண்டி 26 மீட்டர் தரையில் கிடக்கும். ஜூன் கடைசியில்? சூரியன் தலைக்கு நேர் மேலிருந்து வடக்கே 12.6° மட்டும் சாய்ந்திருக்கும். உச்சியின் நிழல் 13 மீட்டர் சொச்சம்தான் நகரும், 15-க்குள் அடங்கிவிடும். அதாவது வருடத்தில் சில மாதங்கள், நடு மத்தியான வேளையில் மட்டும், உச்சியின் நிழல் கட்டடத்தின் மேலேயே விழும். கதைக்கு விதை இதுவாக இருக்கலாம். மற்றதெல்லாம் வாய்வழி வளர்ந்த கிளைகள். ராஜராஜன் கட்டிய கோயிலின் பெருமைக்கு இந்தக் கட்டுக்கதை தேவையும் இல்லை.

இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்தில் கிடைக்கும்? ஆனால் புத்தகத்தில் இருப்பது என்ன? "ஒரு கோபுரத்தின் அடியிலிருந்து 30 மீட்டர் தொலைவில் ஏற்றக் கோணம் 30° எனில்..." எந்தக் கோபுரம், யார் பார்த்தார், எதை வைத்துப் பார்த்தார், ஒன்றும் கிடையாது. உலகத்தில் உள்ள எல்லாக் கோபுரமும் 30, 45, 60 தவிர வேறு கோணத்தில் தெரியவே தெரியாது போலிருக்கிறது! பார்க்கிறவருக்கும் உயரம் கிடையாது. கண் தரையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஒரு கோணமானி, ஒரு ஸ்ட்ரா, ஒரு நூல், நூல் நுனியில் கட்ட ஒரு நட்டு. இவ்வளவு போதும். ஸ்ட்ரா வழியாகப் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியின் உச்சியைப் பார்த்தால், நூல் எத்தனை டிகிரி நகர்ந்ததோ அதுதான் ஏற்றக் கோணம். 37° வருகிறதா? டேன் 37° சுமார் 0.754. 30 மீட்டர் தூரத்துக்கு 22.6, அதோடு கண் உயரம் ஒன்றரை மீட்டர். தொட்டி 24 மீட்டர்.

கையால் அளந்தால்தான் தெரிகிற விஷயம் ஒன்றும் உண்டு. கோணத்தில் ஒரு டிகிரி தப்பினால் என்ன ஆகும்? 30 மீட்டர் தூரத்தில் நின்று 45°-யை 46° என்று படித்தால் உயரத்தில் ஒரு மீட்டர் பிசகும். அதே தூரத்திலிருந்து 70°-யை 71° என்று படித்தால் நாலே முக்கால் மீட்டர் பிசகும். ஆகவே உயரமான ஒன்றை ரொம்பப் பக்கத்தில் நின்று அளக்கக் கூடாது. இது எந்தக் கைடிலும் கிடைக்காது, மைதானத்தில் கிடைக்கும்.

மைதானத்துக்குப் போக முடியாவிட்டாலும் படமாவது போடலாமே. 30°, 60° என்று இரண்டு இடத்திலிருந்து கோபுர உச்சியைப் பார்க்கிற கணக்கு எல்லோருக்கும் தெரியும். இரண்டு இடத்துக்கும் நடுவே 40 மீட்டர். வழக்கமாக எக்ஸ் போட்டு, இரண்டு சமன்பாடு எழுதி, அரைப் பக்கம் ஓடும். படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 60°-லிருந்து 30° போனால் உச்சியில் மிச்சம் 30°. ஆக அது இருசமபக்க முக்கோணம். பக்கத்து இடத்திலிருந்து உச்சிக்கு உள்ள தூரமும் 40 மீட்டரே. உயரம் 40 பெருக்கல் சைன் 60°, அதாவது 20 ரூட் 3. ஒரே வரி!

பரங்கிமலையிலிருந்து எவரெஸ்ட் வரை

சென்னைப் பரங்கிமலைப் பக்கம் 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி சங்கிலி போட்டு ஒரு நேர்கோட்டை அளக்க ஆரம்பித்தார். நீளம் சுமார் 12 கிலோமீட்டர். பிறகு தூரத்துக் குன்றுகளையும் கோபுரங்களையும் முக்கோணத்தின் முனைகளாக வைத்துக் கோணம் மட்டும் அளந்துகொண்டே போனார். ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கத்தையும் கண்டுபிடிக்கலாம். பதினொன்றாம் வகுப்பில் வருகிற சைன் விதிதான் அது. 1808-இல் அவருடைய அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டனே உட்கார்ந்து அதைத் தட்டிச் சரிசெய்தார். நிழல் விழாத கதை எல்லோருக்கும் தெரிகிறது, இந்தக் கதை தெரியவில்லை. எவ்வளவு பெரிய அநியாயம்!

அந்த முக்கோணச் சங்கிலி வடக்கே இமயமலை வரை போனது. நேபாளத்துக்குள் நுழைய அனுமதி இல்லாததால், 150 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து ஒரு சிகரத்துக்குக் கோணம் பார்த்தார்கள். 1852-இல் வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தார் கணக்குப் போட்டு, அதுவே உலகின் உயர்ந்த சிகரம் என்று கண்டார். 1856-இல் அறிவித்த உயரம் 29,002 அடி. 2020-இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8848.86 மீட்டர். வித்தியாசம் 9 மீட்டர். மலை அடிவாரத்தில்கூடக் கால் வைக்காமல்!

பழங்கதை வேண்டாம் என்றால் லேத் பட்டறைக்குப் போங்கள். 100 மில்லிமீட்டர் நீளத்தில் 40-லிருந்து 30 மில்லிமீட்டருக்கு டேப்பர் இறக்க வேண்டும். விட்டத்தின் வித்தியாசம் 10, அதை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் 0.05. எந்தக் கோணத்துக்கு டேன் 0.05? சுமார் 2.86°. ஐ.டி.ஐ. முடித்த டர்னர் தினமும் போடுகிற கணக்கு இது. காய்கறி வாங்கத் தேவையில்லை என்பது உண்மைதான். காய்கறி வாங்க எழுத்துக்கூடத் தேவையில்லை. அதற்காக எழுத்தை எடுத்துவிடலாமா?

"நடைமுறை தெரியாமல் பேசக்கூடாது"

இதற்கெல்லாம் ஒரு மறுப்பு உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. ஒரு வகுப்பில் ஐம்பது பிள்ளைகள். போர்ஷனை முடிக்க வேண்டும். பாதிப் பேர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். அவர்கள் பாஸ் ஆனால் போதும் என்று நாலு மாடல் கணக்கைத் திரும்பத் திரும்ப எழுத வைக்கிற ஆசிரியர் கெட்டவர் இல்லை. உண்மையான அக்கறையோடுதான் செய்கிறார். அந்த நாலு மாடலால் பாஸ் ஆனவர்களும் நிறைய.

ஆனால் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். மனப்பாடம் யாருக்குச் சுமை? மறந்துபோனால் அண்ணனையோ, ட்யூஷன் சாரையோ கேட்கிற வசதி உள்ளவனுக்கு இல்லை. கேட்க ஆளில்லாத பிள்ளைக்குத்தான். ஃபார்முலா மறந்த இடத்தில் அந்தப் பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இருக்காது. இரண்டு முக்கோணமும் ஒரு வட்டமும் வரையத் தெரிந்தால் இருக்கும். "எளிய பிள்ளைகளுக்கு மனப்பாடம் போதும்" என்பது கேட்கக் கருணை மாதிரி இருக்கும். உண்மையில் அது அவர்களைப் பத்தாம் வகுப்போடு நிறுத்துகிற ஏற்பாடு. பாஸ் ஆகிறார்கள், சரி. அடுத்த ஜூனில் மேத்ஸ் குரூப்பின் வாசலில் திரும்பிப் போகிறவர்களும் அவர்களே.

நேரம் இல்லை என்பதும் பாதி உண்மைதான். படம் போட்டுச் சொல்ல இரண்டு வகுப்பு கூடுதலாக ஆகும். அதற்குப் பதிலாக, அதே அட்டவணையைப் பத்து முறை எழுத வைக்கிற நேரமும், அதே மாடலை ஆறு முறை போட வைக்கிற நேரமும் மிச்சம். வரவும் செலவும் சரியாகிவிடும்.

சென்டம் வாங்குகிறவர்களுக்கும் இதில் செய்தி இருக்கிறது. நூற்றுக்கு நூறு வாங்கியவன் கல்லூரியில் அலை, மின்னோட்டம், விசை என்று எங்கே பார்த்தாலும் சைனும் காஸும் நிற்பதைப் பார்த்து முழிக்கிறான் என்றால், அந்த நூறு எதற்கான நூறு?

மாற்ற வேண்டியது அதிகமில்லை. முதல் நாள் கோணமானியை எடுத்து வெளியே போகட்டும். உயரமும் தூரமும் முதலில் வரட்டும், முற்றொருமை பின்னால் வரட்டும். வட்டம் பத்தாம் வகுப்பிலேயே வரட்டும். வினாத்தாளில் "நிறுவுக" என்று கேட்கிற இடத்தில் ஒன்றையாவது "இது சரியா தப்பா, காரணம் கூறுக" என்று மாற்றிக் கேட்கட்டும். அப்படி ஒரு கேள்வி வந்தால் போதும், கைடுகள் ஆடிப்போகும்.

அதுவரை மாணவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. விடைத்தாள் ஓரத்தில் ஒரு வட்டம் வரைய யாருடைய அனுமதியும் வேண்டாம்.

பி.கு.: சைன் எக்ஸ் + காஸ் எக்ஸ் = 1.5 என்று ஒரு சமன்பாடு. வர்க்கம் எடுத்தால் சைன் 2எக்ஸ் = 1.25 என்று வரும். விடை எத்தனை? வட்டத்தில் சுற்றும் புள்ளியின் உயரம் 1-ஐத் தாண்டுமா என்று மட்டும் யோசித்தால் போதும். ஃபார்முலா தேட வேண்டாம்.